குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி: பிராசசர் முதல் கேபினெட் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி விளையாட்டுக் கணினி சேர்க்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பணம் தாராளமாக இருப்பவர் ஒரு பாகத்தைத் தவறாக வாங்கிவிட்டால் அடுத்த மாதம் மாற்றிக்கொள்வார். மாதாமாதம் எடுத்துவைத்து வாங்குபவருக்கு அந்த வசதி கிடையாது. அவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் எந்தப் பிராசசரை எடுப்பது?

பிராசசரிலிருந்து தொடங்காதீர்கள். மானிட்டரிலிருந்து தொடங்குங்கள். கணினி எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது திரைதான். 1920×1080 அளவுள்ள திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 2560×1440 என்றால் 36.9 லட்சம். 4கே எனப்படும் 3840×2160 திரையில் 82.9 லட்சம். திரையில் அடுத்தடுத்து மாறிவரும் ஒவ்வொரு படத்திலும், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமிலும், இத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கணக்கிட்டாக வேண்டும். முதல் திரையை நிறைவாக ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு மூன்றாவது திரையில் மூச்சு வாங்கும்.

ஆகவே வரிசை இப்படி: என்ன திரை, அதில் விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். அதற்கேற்ற கிராபிக்ஸ் கார்டைப் பாருங்கள். அந்தக் கார்டைக் காக்க வைக்காத பிராசசரை அதன் பிறகு தேர்ந்தெடுங்கள். பாகங்களை இணைக்கும் மதர்போர்டு, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் எல்லாம் அதன் பின்னே தாமாக வந்துவிடும். குறைந்த செலவுக் கணினிக்கு 1080 திரைதான் பொருத்தம் என்பது என் கருத்து. கீழே நான் சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

விளையாட்டில் பிராசசர் என்னதான் செய்கிறது?

இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நீங்கள் சுட்டியை அசைக்கிறீர்கள். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு யார்மீது பட்டது, கதவு திறந்ததா, திரையில் எந்தெந்தப் பொருள்கள் தெரிய வேண்டும் என்பதையெல்லாம் கணக்கிட்டு, "இதை வரை, அதை வரை" என்று கட்டளைப் பட்டியல் தயாரிப்பது பிராசசர். அந்தப் பட்டியலை வாங்கிப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இந்த இரண்டு வேலையும் நடந்தாக வேண்டும்.

விநாடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமானால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. 144 வேண்டுமானால் 6.9 மில்லி விநாடிதான். பட்டியல் தயாரிக்கும் வேலை, திரை பெரிதானாலும் சிறிதானாலும் ஏறத்தாழ மாறாது. வரையும் வேலையோ திரை பெரிதாகப் பெரிதாகக் கூடிக்கொண்டே போகும். அதனால்தான் 4கே திரை வைத்திருப்பவருக்குப் பிராசசரின் வேகம் அவ்வளவாகத் தெரிவதில்லை; 1080 திரையில் 240 ஃப்ரேம் கேட்கும் போட்டி விளையாட்டுக்காரருக்கு அதுவே எல்லாமாகிறது.

கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, வாலரன்ட் போன்ற போட்டி விளையாட்டுகளை மட்டும் ஆடுபவர் பிராசசருக்குச் சற்றுக் கூடுதலாக ஒதுக்கலாம். கதை சொல்லும் பெரிய விளையாட்டுகளை 60 ஃப்ரேமில் நிதானமாக ஆட விரும்புபவர் அந்தப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டுக்குத் திருப்பிவிட வேண்டும்.

எத்தனை கோர் போதும்?

கோர் என்பது பிராசசருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி; த்ரெட் என்பது அது ஒரே நேரத்தில் கையாளும் வேலைத் தொடர். இன்றைய நிலையில் 6 கோர், 12 த்ரெட். இதுதான் என் பரிந்துரை. 4 கோர், 8 த்ரெட் உள்ள இன்டெல் கோர் ஐ3-12100எஃப் இன்னும் பல விளையாட்டுகளை நன்றாகவே ஓட்டுகிறது. ஆனால் கூட்டம் நிறைந்த நகரக் காட்சிகளிலும், பின்னணியில் உலாவியும் குரல் அரட்டையும் ஓடும்போதும் அதன் மூச்சு திணறும். சராசரி ஃப்ரேம் எண்ணிக்கை நன்றாகவே இருக்கும். நடுநடுவே ஒரு தடுமாற்றம் வரும். கண்ணுக்கு எரிச்சல் தருவது அந்தத் தடுமாற்றம்தான்.

8 கோருக்கு மேல் போவதால் விளையாட்டில் கிடைக்கும் ஆதாயம் குறைவு. காணொளித் தொகுப்பு போன்ற வேலைகள் இருந்தால் அது வேறு கணக்கு.

கோர் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு கோரின் திறனும், அருகிலேயே இருக்கும் கேஷ் என்ற சிறிய, அதிவேக நினைவகமும் முக்கியம். 2012இல் வந்த, இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் எஃப்எக்ஸ்-8350 எட்டுக் கோர், 4 கிகாஹெர்ட்ஸ் வேகம் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. அதே காலத்தின் நான்கு கோர் இன்டெல் ஐ5 பெரும்பாலான விளையாட்டுகளில் அதை முந்தியது. பத்தாண்டு கழித்து, 2022இல், அதே ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸ்3டி என்ற பிராசசரைக் கொண்டுவந்தது. பழைய 5800எக்ஸைவிடக் கோர் கூடவில்லை, கிகாஹெர்ட்ஸ் சற்றுக் குறைந்தது. எல்3 கேஷ் மட்டும் 32 எம்பியிலிருந்து 96 எம்பி ஆயிற்று. விளையாட்டில் அது பாய்ந்து முன்னேறியது. வெவ்வேறு தலைமுறைப் பிராசசர்களைக் கிகாஹெர்ட்ஸ் வைத்து ஒப்பிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

பெயரில் இருக்கும் எண்ணையும் எழுத்தையும் எப்படிப் படிப்பது?

இன்டெல் கோர் ஐ5-12400எஃப் என்பதில் 12 என்பது தலைமுறை. கடைசி எழுத்து எஃப் என்றால் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது. கே என்றால் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். குறைந்த செலவுக் கணினிக்கு அது தேவையில்லை. ஏஎம்டியில் ஜி என்றால் உள்ளமைந்த கிராபிக்ஸ் வலுவாக இருக்கும். எக்ஸ்3டி என்றால் கேஷ் அதிகம்.

"ஐ7 போட்ட கணினி" என்று மட்டும் சொல்லி விற்கப்படுவதை நம்பாதீர்கள். 2011இல் வந்த ஐ7-2600ஐ 2022இன் ஐ3-12100 எளிதாக வென்றுவிடும்.

இன்னொரு கண்ணி: ரைசன் 5 5500, ரைசன் 5 5600 இரண்டும் 6 கோர்தான். எண்ணில் நூறுதான் வித்தியாசம். ஆனால் 5500இல் எல்3 கேஷ் 16 எம்பி. 5600இல் 32 எம்பி. கிராபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும் பிராசசரோடு பேசும் இணைப்பான பிசிஐஇயில், 5500 பழைய, வேகம் குறைந்த 3.0 வரைதான் பேசும். 5600 பிசிஐஇ 4.0 பேசும். விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 5600ஐ எடுங்கள்.

ஏஎம்4, ஏஎம்5, எல்ஜிஏ1700: எந்த சாக்கெட்?

சாக்கெட் என்பது மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம். எதில் உட்காருகிறீர்களோ அதை வைத்துத்தான் எதிர்காலத்தில் எங்கே போக முடியும் என்பது அமையும்.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் பிராசசர்கள் 2017 முதல் வந்தன. டிடிஆர்4 வகை ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) பயன்படுத்தும். இதற்கு மேல் புதிய தலைமுறை எதுவும் இதில் வராது. ஆனாலும் மொத்தச் செலவைக் குறைக்க இது இன்னும் நல்ல வழி. பழைய மதர்போர்டும் ரேமும் யாரிடமாவது கிடைத்தால் இன்னும் நல்லது. ஏஎம்5 2022 செப்டம்பரில் வந்தது. அடுத்த தலைமுறை ரேமான டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். குறைந்தது 2027 வரை இந்தச் சாக்கெட்டை ஆதரிப்பதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. ஆகவே இன்று ஒரு சாதாரண 6 கோர் பிராசசரைப் போட்டுவிட்டு, சில ஆண்டுகள் கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றும் வழி திறந்திருக்கிறது. இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 12, 13, 14ஆம் தலைமுறைகள் அமரும். அடுத்து வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851 என்ற வேறு சாக்கெட் தேவை. அதனால் இந்தப் பாதையும் முடிந்துவிட்டது.

என் தீர்ப்பு இதுதான். ஐந்து ஆண்டுகளுக்கு எதையும் மாற்றப் போவதில்லை என்பவருக்கு ஏஎம்4உம் எல்ஜிஏ1700உம் போதும். இரண்டு மூன்று ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக மேம்படுத்துபவர் ஏஎம்5க்குப் போகலாம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: 2025இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. பிராசசரின் விலையை மட்டும் ஒப்பிடாமல் பிராசசர், மதர்போர்டு, ரேம் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். தனித்தனியாகப் பார்க்கும்போது மலிவாகத் தெரிவது கூட்டினால் மலிவாக இருக்காது.

பெயரைச் சொல்லுங்களேன், எதை வாங்கலாம்?

மிகக் குறைந்த செலவுக்கு ஐ3-12100எஃப். நடுவில் ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400எஃப். இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை, எதன் மொத்தச் செலவு குறைகிறதோ அதை எடுக்கலாம். சற்றுக் கூடுதலாக முடியுமானால் ஏஎம்5இல் ரைசன் 5 7500எஃப் அல்லது 7600.

இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை உயர்நிலைப் பிராசசர்கள் சிலவற்றில் தேவைக்கு மேல் மின்னழுத்தம் ஏறி, நாளடைவில் அவை நிலையற்றுப் போகும் பிரச்சினை இருந்தது. இன்டெல் 2024இல் அதற்கான திருத்தத்தை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. 12ஆம் தலைமுறைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. பழைய 13 அல்லது 14ஐக் கைமாற்றாக வாங்குவதைத் தவிர்ப்பதே நல்லது. புதிதாக வாங்கினால் முதல் வேலையாக மதர்போர்டில் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பியுங்கள்.

மதர்போர்டில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்?

நிறையவே. விலையுயர்ந்த மதர்போர்டால் விளையாட்டு வேகம் கூடாது. ஆனால் அடிமட்டத்துக்குப் போனால் இழப்பு உண்டு. ஏஎம்4இல் ஏ520 பலகையில் பிசிஐஇ 3.0தான், பி550இல் 4.0 உண்டு. பழைய பி450இல் ரைசன் 5000 வரிசையைப் போட வேண்டுமானால் பயாஸ் புதுப்பிப்பு அவசியம். புதுப்பிக்கப்பட்டதுதானா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் கணினியை இயக்கியதும் வெறும் கறுப்புத் திரைதான் தெரியும், பிராசசர் பழுது என்று நினைத்துத் தவிப்பீர்கள்.

இன்டெலில் எச்610 பலகை ஐ3க்கும் ஐ5-12400எஃபுக்கும் போதும். இரண்டு ரேம் இடங்கள்தான் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எல்ஜிஏ1700 பலகைகளில் டிடிஆர்4 வகையும் டிடிஆர்5 வகையும் தனித்தனியே இருக்கின்றன. ஒன்றின் ரேம் மற்றதில் பொருந்தாது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதை இரண்டு முறை படியுங்கள்.

கிராபிக்ஸ் கார்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

மொத்தச் செலவில் பெரிய பங்கு இதற்குத்தான் போக வேண்டும். மற்ற எந்தப் பாகத்தில் மிச்சம் பிடித்தாலும் அது இங்கே வந்து சேரட்டும்.

முதலாவது, நினைவகம். 4 ஜிபி கார்டை இன்று புதிதாக வாங்காதீர்கள். 8 ஜிபி என்பது 1080 திரைக்குக் குறைந்தபட்சம். நினைவகம் போதாமல் போனால் விளையாட்டு சற்று மெதுவாவதோடு நிற்காது. திடீர் திடீரெனச் சிக்கி நிற்கும், சுவர்களின் வடிவங்கள் மங்கலாகத் தெரியும்.

இரண்டாவது, ஒரே பெயரில் வரும் வெவ்வேறு பொருள்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 8 ஜிபி கார்டு 2022இல் வந்தது. 6 ஜிபி கார்டு 2024இல் வந்தது. குறைந்திருப்பது நினைவகம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 6 ஜிபி கார்டில் கோர்களும் குறைவு, நினைவகப் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகச் சுருங்கிவிட்டது. ஆனால் அது 70 வாட்டில் இயங்குகிறது. ஆகவே கூடுதல் மின்கம்பி இல்லாத பழைய அலுவலகக் கணினியில் போட அது நல்ல கார்டு. புதிதாகச் சேர்க்கும் கணினிக்கு வேண்டாம்.

மூன்றாவது, பிசிஐஇ பாதைகள். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 போன்றவை 16 பாதைகளுக்குப் பதில் 8 பாதைகளைத்தான் பயன்படுத்துகின்றன. பிசிஐஇ 3.0 மதர்போர்டில் போட்டாலும் பெரும்பாலும் சிறு இழப்புதான். ஆனால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வெறும் 4 பாதைகள் கொண்டது, 4 ஜிபி நினைவகம் வேறு. அதைப் பழைய பலகையில் போட்டால் இழப்பு கண்கூடாகத் தெரியும். நான் யாருக்கும் அதைச் சொல்வதில்லை.

குறைந்த செலவுக்கு நான் நெடுநாளாகச் சொல்லிவரும் கார்டு ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி, 132 வாட்தான். ஆர்டிஎக்ஸ் 4060 இன்னும் சிக்கனம்: 115 வாட். புதியவற்றில் ஆர்டிஎக்ஸ் 5060, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஆகியவற்றைப் பார்க்கலாம். பின்னதில் 16 ஜிபி வகையும் உண்டு. இன்டெலின் ஆர்க் பி580 12 ஜிபி நினைவகத்துடன் வருகிறது. ஆனால் அதன் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) பிராசசரின் நேரத்தை அதிகம் தின்னும். பழைய ரைசன் 2600 போன்றவற்றோடும், சில விளையாட்டுகளில் 5600உடனும்கூட, அது தன் முழுத் திறனைக் காட்டுவதில்லை. கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுக உதவும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத கணினியில் அதைப் போடவே கூடாது.

ஒளி எங்கே பட்டுத் தெறிக்கிறது என்று கணக்கிட்டு வரையும் ஒளிக்கதிர்த் தடமறிதலைப் (ரே டிரேசிங்) பற்றியும் ஒரு சொல். டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற சில விளையாட்டுகள் அந்த வசதி வன்பொருளிலேயே இல்லாத கார்டுகளில் தொடங்கவே தொடங்காது. ஜிடிஎக்ஸ் 1660, ஆர்எக்ஸ் 5700 எல்லாம் அந்தப் பட்டியலில் விழுகின்றன.

இப்போதைக்குக் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஓட்டலாமா?

ஓட்டலாம். எவ்வளவு காலம் என்பதைப் பொறுத்தது. ஓரிரு மாதங்கள்தான் என்றால் ரைசன் 5 7600 எடுங்கள். அதன் உள்ளமைந்த கிராபிக்ஸ் திரையைக் காட்டும், அவ்வளவுதான். ஓராண்டு ஆகும் என்றால் ரைசன் 5 8600ஜி எடுக்கலாம். 1080 திரையில் காட்சி அமைப்புகளைக் குறைத்துக்கொண்டு பல விளையாட்டுகளை அதில் ஆட முடியும். உள்ளமைந்த கிராபிக்ஸ் ரேமையே தன் நினைவகமாகப் பயன்படுத்துவதால் இரண்டு ரேம் குச்சிகள் கட்டாயம். ஒற்றைக் குச்சியில் வேகம் வெகுவாக விழுந்துவிடும். அதன் தம்பியான 8500ஜி, கிராபிக்ஸ் கார்டுக்கு 4 பாதைகளை மட்டுமே தருகிறது. பின்னால் கார்டு போடும் எண்ணம் இருந்தால் அது வேண்டாம்.

"பாட்டில்நெக்" எத்தனை விழுக்காடு என்று கணக்கிடும் கருவிகளை நம்பலாமா?

வேண்டாம். ஒரு பாகம் மற்றதைக் காக்க வைப்பதைத்தான் பாட்டில்நெக் என்கிறார்கள். ஒரே பிராசசரும் ஒரே கார்டும் ஒரு விளையாட்டில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். அதை ஒற்றை எண்ணாகச் சொல்ல வழியே இல்லை.

நீங்களே சோதிக்கலாம். விளையாட்டு ஓடும்போது கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். 95 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றால் கார்டு முழுமூச்சாக உழைக்கிறது, நல்லது. 60, 70 என்று தொங்கினால் கார்டு வேலைக்காகக் காத்திருக்கிறது. பிராசசரோ ரேமோ தாமதப்படுத்துகிறது. ஃப்ரேம் எண்ணிக்கைக்கு நீங்களே வரம்பு வைத்திருந்தாலும் இப்படித் தெரியும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐயம் இருந்தால் விளையாட்டில் ரெசல்யூஷனை, அதாவது வரையும் புள்ளிகளின் எண்ணிக்கையை, குறைத்துப் பாருங்கள். ஃப்ரேம் கூடவில்லை என்றால் தடை பிராசசர் பக்கம்தான்.

ஏதாவது ஒன்று எப்போதும் மற்றதைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். விளையாட்டுக் கணினியில் அது கிராபிக்ஸ் கார்டாக இருந்தால், பணத்தைச் சரியான இடத்தில் போட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

ரேம் எவ்வளவு?

16 ஜிபி, 8+8 என இரண்டு குச்சிகளாக. நான்கு இடமுள்ள பலகையில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் செருகுங்கள். டிடிஆர்4 என்றால் 3200, டிடிஆர்5 என்றால் ஏஎம்5க்கு 6000 நல்ல வேகம். பணம் இருந்தால் 32 ஜிபி நல்லதுதான், ஆனால் அதற்காகக் கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்காதீர்கள்.

எஸ்எஸ்டியா, ஹார்ட் டிஸ்க்கா?

எஸ்எஸ்டி. இதில் விவாதமே இல்லை. 1 டிபி எடுங்கள். 100 ஜிபியைத் தாண்டும் விளையாட்டுகள் இப்போது சாதாரணம். பழைய சாட்டா இணைப்பு எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பி அளவிலும், பிசிஐஇ 3.0 வழியே இணையும் என்விஎம்இ எஸ்எஸ்டி 3500 எம்பி அளவிலும் படிக்கும். கேட்க மலைப்பாக இருந்தாலும் விளையாட்டு திறக்கும் நேரத்தில் வித்தியாசம் சில விநாடிகள்தான். ஆகவே அதிவேக எஸ்எஸ்டிக்குக் கூடுதல் பணம் வேண்டாம். உள்ளே இருக்கும் நினைவகச் சில்லு டிஎல்சி வகையா கியூஎல்சி வகையா என்று மட்டும் பாருங்கள். முன்னது நிறையும்போதும் வேகம் அவ்வளவாகக் குறையாது.

எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட்? கேபினெட்டோடு வருவது போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நான் முதன்முதலில் சேர்த்த கணினியில் கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸைத்தான் வைத்தேன். பெட்டியில் 500 வாட் என்று அச்சிட்டிருந்தது. எட்டு மாதம் ஓடியது. ஒரு மாலை விளையாடிக்கொண்டிருந்தபோது பட்டென்று ஒரு சத்தம், கருகிய வாடை. போனது அது மட்டுமல்ல. மதர்போர்டையும் கூடவே அழைத்துக்கொண்டு போய்விட்டது. மதர்போர்டு இரண்டாம் முறை வாங்கிய பணத்தில் முதலிலேயே நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கியிருக்கலாம். வீட்டில் அந்தப் பணத்தைக் கேட்டு நின்ற வருத்தம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

ஆர்எக்ஸ் 6600 போன்ற கார்டும் 65 வாட் பிராசசரும் உள்ள கணினி மொத்தமாகச் சுமார் 250 வாட்டைச் சுற்றியே இழுக்கும். ஐ5-12400எஃப் உச்சத்தில் 117 வாட் வரை போகும், அப்போதும் மொத்தம் 300 வாட்டை ஒட்டியே நிற்கும். நேர்மையான 450 அல்லது 550 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம். முக்கியமான சொல் "நேர்மையான" என்பது. மலிவானவற்றில் அச்சிட்ட வாட்டுக்கும் தரக்கூடிய வாட்டுக்கும் தொடர்பே இருக்காது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் வரியைப் பாருங்கள். அங்கே 12 வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் மொத்த வாட்டை ஒட்டி வர வேண்டும். 500 என்று சொல்லிவிட்டு 12 வோல்ட்டில் 300 வாட் மட்டும் தந்தால் அது 300 வாட் எஸ்எம்பிஎஸ்தான்.

80 பிளஸ் முத்திரை, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் சேர்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. பாதுகாப்பைச் சொல்வதில்லை. மின்னழுத்தம், மின்னோட்டம், குறுக்குச்சுற்று, வெப்பம் ஆகியவற்றுக்கான காப்புகள் உண்டா, ஐந்து ஆண்டு உத்தரவாதம் உண்டா, அந்த மாடலையே பிரித்துச் சோதித்தவர்களின் விமர்சனம் உண்டா என்று பாருங்கள்.

கழற்றி மாட்டும் கம்பிகள் உள்ள மாடல் என்றால் இன்னொரு எச்சரிக்கை: ஒன்றின் கம்பியை மற்றொரு எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே வரிசை வேறாக இருக்கும். எஸ்எஸ்டியும் மதர்போர்டும் ஒரே நொடியில் எரிந்துபோகலாம்.

கூலர், கேபினெட்?

65 வாட் பிராசசருக்குப் பெட்டியோடு வரும் கூலர் போதும். சத்தம் பிடிக்காவிட்டால் பின்னால் மாற்றலாம். கேபினெட்டின் முகப்பில் வலை இருக்கட்டும். கண்ணாடி முகப்பு பார்க்க அழகு. உள்ளே இருப்பவை வேகும்.

கைமாற்றாகப் பாகங்கள் வாங்கலாமா?

பிராசசர் தயங்காமல் வாங்கலாம். எளிதில் கெடாத பாகம் அது. ஏஎம்4 பிராசசரின் அடியில் உள்ள ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். ரேமும் அப்படியே. மதர்போர்டு கவனமாக. எஸ்எம்பிஎஸ் வேண்டவே வேண்டாம்.

கிராபிக்ஸ் கார்டு என்றால் கண்ணெதிரே அரை மணி நேரமாவது முழுச் சுமையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விசிறி இரைகிறதா, வெப்பம் எங்கே நிற்கிறது, திரையில் நிறப்புள்ளிகள் சிதறுகின்றனவா என்று கவனியுங்கள். கிரிப்டோ நாணயச் சுரங்க (மைனிங்) வேலைக்கு ஓடிய கார்டு என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை, விசிறியும் வெப்பப் பசையும் தேய்ந்திருக்கும் என்று கணக்கில் கொள்ளுங்கள். டிரைவர் ஆதரவையும் பாருங்கள்: ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு 2025இன் இறுதியோடு புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்கள் நின்றுவிட்டன.

பழைய முழுக் கணினியாக வாங்கினால் விண்டோஸ் 11 ஏறுமா என்று கேளுங்கள். இன்டெலில் 8ஆம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை, அதற்கு மேல் உள்ளவைதான் பெரும்பாலும் அதிகாரபூர்வமாக ஏற்கப்படுகின்றன. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11இல் வாலரன்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயங்க வேண்டும்.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் இருக்கும்போது சிறிய கார்டே போதாதா?

ஓரளவு உதவும். டிஎல்எஸ்எஸ் என்விடியாவின் வசதி, எஃப்எஸ்ஆர் ஏஎம்டியின் வசதி. இவை படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டுகின்றன. 1080 திரையில் தொடக்கமே சிறியது என்பதால் மங்கல் தெரியும். டிஎல்எஸ்எஸ் இதில் சற்று மேல். இடையிடையே ஃப்ரேம்களை உருவாக்கிச் சேர்க்கும் வசதியை வேகமாகக் கணக்கிடாதீர்கள். 60இலிருந்து 110 ஆவது இதமாக இருக்கும். 25இலிருந்து 50 ஆவது படத்தில் வழுவழுப்பாகத் தெரியும், கையில் கனமாக இருக்கும். உங்கள் சுட்டிக்கு விளையாட்டு பதில் சொல்வது அந்த 25இன் வேகத்தில்தான்.

அடுத்த மாடல் வரும்வரை காத்திருக்கலாமா?

அறிவிப்பு வந்து, வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருந்தால் காத்திருங்கள். வதந்திக்காகக் காத்திருக்காதீர்கள்.

சேர்த்து முடித்தாயிற்று. வேகம் எதிர்பார்த்தபடி இல்லை. ஏதாவது பாகம் பழுதா?

பெரும்பாலும் இல்லை. மானிட்டர் கம்பி எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். மதர்போர்டில் இருந்தால் கழற்றிக் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். நான் சரிபார்த்துக் கொடுத்த "பழுதான" கணினிகளில் கணிசமானவை இந்த ஒரு செயலில் குணமாயின. அடுத்துப் பயாஸுக்குள் சென்று, ரேமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் அமைப்பை இயக்குங்கள்; இன்டெல், ஏஎம்4 பலகைகளில் பெரும்பாலும் எக்ஸ்எம்பி, ஏஎம்5இல் எக்ஸ்போ என்றிருக்கும். அதைச் செய்யாதவரை 3200 ரேம் 2133 அல்லது 2400இல் நொண்டிக்கொண்டிருக்கும். விண்டோஸின் காட்சி அமைப்பில் மானிட்டரின் ஹெர்ட்ஸ் (விநாடிக்கு எத்தனை முறை படம் மாறும் என்ற எண்) எத்தனை என்று பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி ஓராண்டு 60இலேயே ஓட்டியவரை எனக்குத் தெரியும். கடைசியாகக் கேபினெட்டைத் திறந்து, பிராசசர் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாள் உரிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.